முதலில் கிட்டாரைப் பழக்கு, பிறகு விரலைப் பழக்கலாம்

ஆசிரியர் இல்லாமல் தானே கிட்டார் கற்க உட்காருபவர் முதல் மாதத்தில் சண்டை போடுவது பெரும்பாலும் இசையோடு இல்லை, கம்பியின் உயரத்தோடு. விலை குறைந்த கிட்டார்கள் தொழிற்சாலையிலிருந்து கம்பி தூக்கலாகவே வரும். அதற்குக் காரணம் உண்டு. கம்பி தாழ்ந்திருந்தால் ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோட்டில்) உரசி 'ஜர்ர்' என்று அதிரும், வாங்கியவர் மறுநாளே திருப்பிக்கொண்டு வருவார். உயர்ந்திருந்தால் சத்தம் சுத்தமாக இருக்கும், விரல்தான் நோகும். அதைப் புதியவர் தன் குறை என்று நினைத்துக்கொள்வார். அதனால் இந்தப் பதிவில் பாதி ஸ்க்ரூவும் உப்புத்தாளும், மீதிதான் கார்டு (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு).

மேசையில் இருப்பது 41 அங்குல ட்ரெட்நாட் வகை அக்கௌஸ்டிக். ப்ளைவுட் மேல்பலகை, ஸ்டீல் கம்பி, பிளாஸ்டிக் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை), பிளாஸ்டிக் சாடில் (உடல் பக்கம் கம்பிகள் ஏறி நிற்கும் பட்டை). நட்டிலிருந்து சாடில் வரை 648 மி.மீ. கடையிலிருந்து வந்த நிலையில், சுருதி சேர்த்த பிறகு, 12-வது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி: தடித்த 6-ஆம் கம்பியில் 3.7 மி.மீ, மெல்லிய 1-ஆம் கம்பியில் 3.0 மி.மீ. வர வேண்டிய இடம் 2.6, 2.0.

அளக்க அரை மி.மீ கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் போதும். அதுவும் இல்லையென்றால் ஏடிஎம் கார்டு. அதன் தடிமன் 0.76 மி.மீ. எண்கள் புடைக்காத ஓரமாகப் பார்த்து நான்கு கார்டுகளை அடுக்கி 12-வது ஃப்ரெட்டின் மேல், 6-ஆம் கம்பிக்கு அடியில் செருகிப் பாருங்கள். கம்பியைத் தொடாமல் தாராளமாக நுழைந்தால் கிட்டாருக்கு வேலை இருக்கிறது. மூன்று ஏடிஎம் கார்டு நுழைந்து நான்காவது மாட்டிக்கொண்டால் நல்ல நிலை, 'விரல்' என்ற கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பிரிட்ஜின் (சாடிலைத் தாங்கி உடலில் ஒட்டியிருக்கும் மரத்துண்டின்) பின்பக்க விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அது தச்சு வேலை தெரிந்த கிட்டார் ரிப்பேர்க்காரரிடம் போக வேண்டியது, கீழே சொல்லும் எதுவும் அதற்கு மருந்தல்ல. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த கிட்டாரில் இது சாதாரணம், சூட்டில் பசை இளகிவிடும். இரண்டாவது, கிட்டார் நைலான் கம்பி வகையா என்பது. கிளாசிக்கல் கிட்டாருக்கு 12-வது ஃப்ரெட்டில் 3.5 மி.மீ என்பதே இயல்பு. அதில் 'சத்தம் கூடட்டும்' என்று ஸ்டீல் கம்பி போடுவது கொலை. 12-53 தடிமன் ஸ்டீல் செட் ஒன்றின் மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல், நைலானுக்கு அதில் பாதியை ஒட்டித்தான். சில மாதங்களில் பிரிட்ஜ் கையோடு வரும்.

தேவையானவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்க, டூவீலர் மெக்கானிக் டேப்பெட் வைக்கிற அதே கருவி), 4 மற்றும் 5 மி.மீ ஆலன் கீ, 120 மற்றும் 220 நம்பர் உப்புத்தாள், கேபோ (எல்லாக் கம்பியையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), பென்சில், கட்டிங் பிளேயர், புது 11-52 கம்பி செட். உப்புத்தாளை விரிக்கச் சமமான தளம் வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டு இருந்தால் நல்லது, இல்லையென்றால் சமையல் மேடை கிரானைட்.

வரிசை முக்கியம்: நெக் (கழுத்து) வளைவு, நட், கடைசியில் சாடில். முதல் இரண்டும் 12-வது ஃப்ரெட் உயரத்தை மாற்றும் என்பதால் சாடிலை முதலில் தேய்த்தவர் கடைசியில் புது சாடில் வாங்குவார்.

நெக் வளைவு

நெக் நேர்கோடாக இருக்கக் கூடாது, மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். அதிரும் கம்பிக்கு நடுவில் இடம் வேண்டும். 1-வது ஃப்ரெட்டில் கேபோ மாட்டி, 6-ஆம் கம்பியை நெக் உடலோடு சேரும் 14-வது ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு ஸ்கேல். 7-வது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே 0.15 முதல் 0.30 மி.மீ வரை இருக்கலாம். வீட்டில் கிடக்கும் சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ, ஆக இரண்டு தாள். இந்தக் கிட்டாரில் 0.45 இருந்தது.

இதைச் சரிசெய்வது நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மக்ஹ்யூ 1923-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. அதன் தலை ஒலித்துளைக்குள்ளோ, நட்டுக்கு மேலே சிறு மூடிக்குக் கீழேயோ இருக்கும். மிக மலிவான சில கிட்டார்களில் திருப்ப முடியாத வெறும் பட்டைதான் இருக்கும். தலை தென்படாவிட்டால் தேடிக் குடையாமல் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

ஆலன் கீ தளர்வில்லாமல் உட்கார வேண்டும். 4 மி.மீ தலையில் சரியாகப் பொருந்தாத அங்குல அளவு கீயைப் போட்டுத் திருகினால் மூலை மழுங்கும், பிறகு ஆளே இல்லை. தலையை நேராகப் பார்த்தபடி கடிகாரச் சுற்றாகத் திருப்பினால் தண்டு இறுகி நெக் நிமிரும், குழிவு குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து, பத்து நிமிடம் விட்டு, அளந்து பிறகு அடுத்த கால் சுற்று. இரண்டு கால் சுற்றில் 0.45 என்பது 0.20 ஆனது. 12-வது ஃப்ரெட்டில் 3.7/3.0 இருந்தது 3.5/2.85 ஆக இறங்கியது. இன்னும் இறுக்கினால் இன்னும் இறங்குமே என்று தோன்றும் இடம் இதுதான். இறங்கும், கூடவே முதல் ஐந்து ஃப்ரெட்டும் உறுமத் தொடங்கும். ட்ரஸ் ராட் வளைவுக்கு மட்டும், உயரத்துக்கு அல்ல.

நட்

ஆரம்ப கார்டுகள் எல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் அடங்குகின்றன. அங்கே கம்பியின் உயரத்தைத் தீர்மானிப்பது சாடில் அல்ல, நட். இதைக் கவனிக்காமல் சாடிலை மட்டும் தேய்த்தவர்களுக்கு 'இவ்வளவு செய்தும் சி கார்டு வலிக்கிறதே' என்ற குழப்பம் வரும்.

சோதனை எளிது. ஒவ்வொரு கம்பியையும் 3-வது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, 1-வது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழைந்தும் நுழையாமலும் இருக்க வேண்டும். தட்டினால் 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். இரண்டு மூன்று தாள் தாராளமாகப் போனால் நட் உயரம். இதன் இன்னொரு அறிகுறி சுருதிப் பிசகு. வெறும் கம்பிகள், சுருதி காட்டும் ட்யூனரில் பச்சை காட்டும். ஆனால் 1-வது ஃப்ரெட்டில் விரல் வைத்ததும் சுருதி ஏறிவிடும், காரணம் உயர்ந்த கம்பியைக் கீழே அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுகிறது. கற்றுக்கொள்பவர் தன் காதைத்தான் சந்தேகப்படுவார்.

ஆறு கம்பியும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் கம்பி உட்காரும் காடிகளைத் தொட வேண்டாம். கம்பிகளைத் தளர்த்தி, நட்டின் இருபுறமும் பிளேடால் வார்னிஷைக் கீறிவிட்டு, மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டினால் பெரும்பாலும் கழன்று வரும். அடிப்பக்கத்தை 220 உப்புத்தாளில் நேராகத் தேய்த்து 0.1 மி.மீ குறைத்ததும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இங்கே 0.25 மி.மீ எடுத்ததில் வேலை முடிந்தது. திரும்ப ஒட்ட ஒரு சொட்டு மரப்பசை போதும்.

ஒன்றிரண்டு தடித்த கம்பிகளின் காடி மட்டும் உயரமென்றால், அதே தடிமனுள்ள பழைய சுற்றுக் கம்பித் துண்டே அரம். முன்னும் பின்னும் இழுத்தால் பிளாஸ்டிக் நட் தேயும். காடி ட்யூனிங் கீ (கம்பியை முறுக்கும் திருகு) பக்கம் சரிய வேண்டும். கம்பி உட்காரும் மிக உயர்ந்த புள்ளி ஃப்ரெட் பக்க விளிம்பாக இருக்க வேண்டும். சரிவு தலைகீழானால் வெறும் கம்பி ரீங்கரிக்கும். தம்பூராவில் ஜீவாளி நூல் வைத்துப் பாடுபட்டு வரவழைக்கிற அதே ரீங்காரம்தான், இங்கே வேண்டாத விருந்தாளி. அதிகமாக அறுத்துவிட்டால் காடியில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா வைத்து, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள். நொடியில் கல்லாகும், மறுபடி அறுக்கலாம்.

சாடில்

இப்போது உயரம் 3.4/2.75. குறைக்க வேண்டியது 0.8 மற்றும் 0.75. இங்கே ஒரு கணக்கு: 12-வது ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. அதனால் அங்கே 1 மி.மீ இறங்க சாடிலில் 2 மி.மீ போக வேண்டும். 6-ஆம் கம்பிப் பக்கம் 1.6, 1-ஆம் கம்பிப் பக்கம் 1.5.

கம்பிகளை முழுதாகத் தளர்த்திய பிறகே வெட்டுங்கள். இழுவிசையில் வெட்டினால் முகத்துக்கு நேரே சுழன்று வரும். பிரிட்ஜ் பின் (கம்பி நுனியை அடைத்துப் பிடிக்கும் சிறு முளை) வரவில்லையென்றால் ஒலித்துளை வழியாகக் கைவிட்டு ஒரு ரூபாய்க் காசால் அடியிலிருந்து தள்ளுங்கள். பிளேயரால் மேலிருந்து பிடுங்கினால் தலை உடையும். சாடில் எந்தப் பக்கம் தடித்த கம்பி என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், அதன் தலை சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. அடிவிளிம்பிலிருந்து 1.6, 1.5 என்று கோடு போட்டு, 120 தாளில் தேய்க்கத் தொடங்கி, கோட்டுக்குக் கால் மி.மீ இருக்கும்போது 220-க்கு மாறுங்கள். இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தால் அடி படகுபோல் உருண்டுவிடும். ஒரு செவ்வக மரக்கட்டையோடு சேர்த்துப் பிடித்தால் செங்குத்து தப்பாது. பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பாகம்) உள்ள எலக்ட்ரோ அக்கௌஸ்டிக்கில் இது உயிர்நாடி. அடி சமமில்லையென்றால் ஸ்பீக்கரில் ஒரு கம்பி மட்டும் அமுங்கிக் கேட்கும்.

தேய்த்த பிறகு பிரிட்ஜுக்கு மேலே சாடில் குறைந்தது 2 மி.மீ எழும்பியிருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பின்னிலிருந்து ஏறிவரும் கம்பி சாடிலை அழுத்தும் கோணம் படுத்துவிடும், சத்தம் செத்துவிடும். இங்கே 2.9 நின்றது.

கம்பி ஏற்றுதல்

பின்னின் பள்ளம் ஒலித்துளையைப் பார்க்க வேண்டும். கம்பியின் குண்டு நுனி பின்னின் அடிமுனையில் உட்கார்ந்தால் பின் எகிறும். குண்டுக்கு மேலே கம்பியைச் சற்று வளைத்து, உள்ளே விட்டு, பின்னை அழுத்தியபடி கம்பியை மேலே இழுங்கள், குண்டு பலகையின் அடியில் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். ட்யூனிங் கீயில் தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று, நான்கு. அதற்கு 5 செ.மீ அளவு தொய்வு விட்டால் கணக்குச் சரியாக வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே இறங்க வேண்டும்.

சுருதி தடித்ததிலிருந்து: ஈ 82.4, ஏ 110, டி 146.8, ஜி 196, பி 246.9, ஈ 329.6 ஹெர்ட்ஸ். போன் ஆப்பில் சேர்ப்பவர்கள் ஃபேனை நிறுத்திவிடுங்கள், மைக் அதையும் கேட்கிறது. கிளிப் ட்யூனருக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுத்து மட்டும் காட்டும் ட்யூனர் எந்த ஸ்தாயி என்று சொல்லாது. புதியவர்கள் கம்பி அறுப்பது பெரும்பாலும் தவறான ஸ்தாயியை நோக்கி முறுக்கித்தான். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏறுங்கள். திருப்பும்போது 'டிங்' என்று குதித்தால் நட் காடியில் கம்பி மாட்டுகிறது, பென்சில் கரி தடவுங்கள். புதுக் கம்பி முதல் இரண்டு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் சீக்கிரம் அடங்கும்.

கடைசி அளவு 2.6/2.0. எங்கேயாவது உறுமினால் இடத்தை வைத்துக் காரணம் சொல்லலாம்: வெறும் கம்பியில் மட்டும் என்றால் நட் காடி, 1 முதல் 5 வரை என்றால் நெக் அதிகமாக நிமிர்ந்துவிட்டது, ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தலை தூக்கியிருக்கிறது. வீணையில் மெழுகை இளக்கி மெட்டை மறுபடி உட்கார வைக்கலாம், கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அறைந்தது. அதை ரிப்பேர்க்காரரிடம் விடுவதே நல்லது.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரப்பதத்தில் மரம் உப்பி மழைக்காலத்தில் கம்பி சற்று உயரும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் காய்ந்து இறங்கும். 45 முதல் 55 சதவீதம் நல்லது. வருடத்துக்கு இருமுறை அளந்து, கால் சுற்றில் சரிசெய்தால் போதும்.

விரல்

இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டியாற்போல், நட் இருக்கும் பக்கம் விரல் நுனி விழ வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் அதே சுத்தத்துக்கு அதிக பலம் வேண்டும். எவ்வளவு பலம் என்பதை இப்படிக் கண்டுபிடியுங்கள்: விரலைக் கம்பியில் சும்மா வைத்து மீட்டுங்கள், 'டப்' என்று கேட்கும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். சுத்தமாக ஒலிக்கும் அந்தக் கணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எல்லாம் வீண் வலி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம், 15 நிமிடம் இரண்டு மூன்று தடவை. குளித்த கையோடு வாசித்தால் ஊறிய தோல் கிழியும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நுனி காய்த்துவிடும்.

முதல் கார்டுகளாக அகரவரிசையில் ஏ, பி, சி என்று கற்பது வீண் வேலை. விரல் இடம் மாறாத குடும்பங்களாகக் கற்றால் பாதி உழைப்பு மிச்சம். முதல் குடும்பத்துக்கு நங்கூரம் மோதிரவிரல்: 2-ஆம் கம்பி, 3-வது ஃப்ரெட். அதை எடுக்கவே கூடாது. 6-ஆம் கம்பியிலிருந்து எண்ணினால் (எண் ஃப்ரெட், 0 வெறும் கம்பி, × மீட்டாத கம்பி) ஜி: 3-2-0-0-3-3. சி ஆட் 9: ×-3-2-0-3-3. ஈ மைனர் 7: 0-2-2-0-3-3. இந்த மூன்றிலும் சுண்டுவிரலும் 1-ஆம் கம்பியில் அசையாது. டி: ×-×-0-2-3-2, இதில் மட்டும் சுண்டுவிரல் எழ, நடுவிரல் 1-ஆம் கம்பிக்கும் சுட்டுவிரல் 3-ஆம் கம்பிக்கும் வரும்.

இரண்டாவது குடும்பத்தின் நங்கூரம் சுட்டுவிரல், 2-ஆம் கம்பி 1-வது ஃப்ரெட். ஏ மைனர் ×-0-2-2-1-0. அதில் மோதிரவிரலை மட்டும் 3-ஆம் கம்பியிலிருந்து 5-ஆம் கம்பி 3-வது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் சி, ×-3-2-0-1-0. எஃப் மேஜர் 7 என்பது ×-×-3-2-1-0. சி கார்டில் இரண்டு கோளாறு எல்லோருக்கும் வரும்: சுட்டுவிரல் சாய்ந்து 1-ஆம் கம்பியை ஊமையாக்கும், மோதிரவிரலின் வயிறு 4-ஆம் கம்பியைத் தொடும். கார்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக மீட்டி ஊமை எது என்று பாருங்கள். கட்டைவிரலை நெக்கின் பின்பக்க நடுவுக்கு இறக்கினால் விரல்கள் தானே செங்குத்தாகும்.

மாற்றத்துக்குக் கடிகாரம் வையுங்கள். ஒரு நிமிடத்தில் ஏ மைனரிலிருந்து சி-க்கும் திரும்பவும் எத்தனை மாற்றம் என்று எண்ணி எழுதுங்கள். 30 வந்தால் மெதுவான பாட்டுக்குத் தயார். 60 வந்தால் அந்த ஜோடியை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வலது கைக்கு 0.60 முதல் 0.73 மி.மீ பிக் (மீட்டும் சிறு தகடு). முதல் வாரம் இடது கையால் கம்பிகளை லேசாக மூடிக்கொண்டு வெறும் 'சிக் சிக்' மட்டும், மெட்ரோநோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-ல். ஒரு ஆவர்த்தனத்துக்குக் கை எட்டு முறை அசையும்: கீழ், மேல், கீழ், மேல் என்று நிற்காமல். பரவலான அந்த 'கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்' பாணியிலும் கை எட்டு முறைதான் அசைகிறது. 2-வது அசைவிலும் 5-வதிலும் பிக் கம்பியைத் தொடாமல் காற்றில் போகிறது, அவ்வளவே. அந்த இடத்தில் கையை நிறுத்துபவர்களுக்குத்தான் தாளம் தட்டும்.

பாடுபவருக்குத் துணையாக வாசிக்கும்போது 'எத்தனை கட்டை?' என்ற கேள்வி வரும். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஒவ்வொரு அரைக் கட்டையும் ஒரு ஃப்ரெட், 3-க்கும் 4-க்கும் இடையே மட்டும் ஒரே ஃப்ரெட். ஐந்தரைக் கட்டை என்றால் 1-வது ஃப்ரெட்டில் கேபோ, ஜி குடும்பத்தை அப்படியே பிடிக்கலாம். இரண்டு கட்டைக்குக் கேபோவை 2-வது ஃப்ரெட்டில் வைத்து சி குடும்பம்.

எஃப் பார் கார்டு (சுட்டுவிரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே கிடத்திப் பிடிப்பது), 1-3-3-2-1-1, எல்லோரையும் நிறுத்துகிற சுவர். அதை எஃப்-ஆகத் தொடங்காதீர்கள். அதே வடிவத்தை 5-வது ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ மேஜர். அங்கே கம்பி நட்டிலிருந்து தள்ளி இருப்பதால் எளிதாக வளையும், ஃப்ரெட்டுகளும் நெருக்கம். சுட்டுவிரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்றுப் புரட்டி, எலும்புப் பக்கம் கம்பியில் படும்படி வையுங்கள். அது அழுத்த வேண்டியது 6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகளை மட்டும்தான், மற்றதை மீதி விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. சுத்தமாக வந்ததும் நான்கைந்து நாளுக்கு ஒரு ஃப்ரெட் வீதம் இறங்குங்கள். 2-வது ஃப்ரெட் வரை சுத்தமாக வந்து 1-வதில் மட்டும் ஊமையாகிறது என்றால் விரலைத் திட்டாமல், 3-வது ஃப்ரெட்டில் அழுத்தி, நட் சோதனைக்குச் சொன்ன அந்தத் தாளை மறுபடி நுழைத்துப் பாருங்கள்.